விசிலுக்கு முந்தைய சோறு

ஆட்டம் நடக்கிற ஊரில் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. எனக்கு விசில் ஊதக் கற்றுக்கொடுத்தவரைச் சொல்கிறேன். ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டை விட்டு இறங்கும்போதே வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதியும் ஒரு குப்பித் தண்ணீரும் மஞ்சள் பைக்குள் போய்விடும். கறுப்புச் சட்டை, கறுப்பு நிக்கர், இரண்டு விசில், டாஸ் போட ஒரு ரூபாய்த் துட்டு எல்லாம் அதே பையில்தான். விழாக் கமிட்டிக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். முப்பது வருஷமாக வயிறு சரியில்லாத மனுஷன் என்று நாங்கள் கேலி பேசுவோம். ஆட்டம் முடிந்தால் பரிசளிப்புக்கு நிற்க மாட்டார். நேரே பஸ் ஸ்டாண்டு. அங்கே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பொதியைப் பிரிக்கும்போது மணி ஏழு ஏழரை ஆகியிருக்கும். காலையில் கட்டிய சோறு, இலை வாடி, துவையல் சோற்றில் ஊறி, ஒரு தனி வாசனை வரும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை என்று வரிசையாகக் கிடக்கிற மீனவ ஊர்களில் பையன் நடக்கப் பழகியதும் பந்தைத்தான் உதைப்பான். கோயில் திருவிழாவில் கொடியேற்றம், தேர்பவனி போலக் கால்பந்துப் போட்டியும் ஒரு சடங்கு. அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் விசில். ஒரு ஆட்டத்துக்குப் படி ஐம்பது ரூபாய். சில ஊர்களில் அதுவும் ஆட்டம் முடிந்தபின் நாம் தப்பித்து ஓடுகிற வேகத்தைப் பொறுத்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஒரு வாய்ச் சோற்றுக்கு எதற்கு ஆசானே இவ்வளவு பயம்?

"ஊதும்போ தப்பு வரும் மக்கா. ஊதுகதுக்கு முன்ன வரப்படாது" என்றார்.

ஊர் வாய்க்குப் பயந்து சொல்கிறார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு எழுபத்து நான்கு. பேரன் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்குக் கொச்சிதான் பக்கம். 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டம் நடந்தது. கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடத்தில், பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் தடுப்புச் சுவர் கட்டி முடிக்கவில்லை, கோலி தயாராகவில்லை. சுனில் சேத்ரி அதற்குள் பந்தைத் தட்டி உள்ளே போட்டுவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை.

"ரெஃப்ரி துட்டு வாங்கிட்டான் தாத்தா" என்றான் பேரன். சுவர் கட்டக் காத்திருக்காமல் சட்டென்று அடிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது மோனே, நடுவர் 'விசிலுக்குக் காத்திரு' என்று சொல்லியிருந்தால்தான் அடிக்கக்கூடாது என்றேன். அப்படியானால் அவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்று கேட்டான். நான் டிவியில் பார்த்தவன், எனக்கென்ன தெரியும்? பணம் என்ற பேச்சு பேரன் வாயில்தான் வந்தது, நடவடிக்கை எடுத்தது அணி வெளியேறியதற்காக. ஆனால் அவன் மனசில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறான். அவன் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

நடுவர் என்ற ஏற்பாடே சந்தேகத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஆரம்ப காலத்தில் ஆளுக்கொரு அம்பயரை அணிகளே கூட்டிக்கொண்டு வரும். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகாதபோது, கோட்டுக்கு வெளியே நிற்கிற மூன்றாவது ஆளிடம் வழக்கைக் கொண்டுபோவார்கள். அப்படி முறையிடப்படுகிறவர் என்பதால்தான் அவருக்கு ரெஃப்ரி என்று பெயர். 1891-இல்தான் அவரை மைதானத்துக்கு உள்ளே கொண்டுவந்து, அம்பயர்களைக் கோட்டோரத்துக்கு அனுப்பினார்கள். தமிழில் நாம் வைத்த பெயர் இன்னும் கடினம். நடுவர். நடுவில் நில் என்று பெயரிலேயே கட்டளை போட்டுவிட்டோம்.

1986 ஜூன் 22. எங்கள் பங்கு மன்றத்துக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் நடுராத்திரியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மெக்சிகோ சிட்டி ஆஸ்டெகா மைதானத்தில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் காலிறுதி ஆடுகின்றன. 51-ஆவது நிமிடத்தில் மரடோனாவும் கோலி பீட்டர் ஷில்டனும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். பந்து மரடோனாவின் கையில் பட்டு உள்ளே போனது. துனீசியாவின் அலி பின் நாசர்தான் நடுவர். அவர் கோட்டோரத்தில் நின்ற பல்கேரியரான போக்டன் டோச்சேவைப் பார்த்தார். கொடி உயரவில்லை. கோல் கொடுத்தார். மன்றம் அதிர்ந்தது. பாதிப் பேருக்குக் கை பட்டது தெரியவே இல்லை, தெரிந்தவர்கள் கவலைப்படவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஆசான். "லைன்ஸ்மேனைப் பாத்துட்டுதான் ஊதினான்" என்றார். அப்போ தெரியாமல்தான் கொடுத்தானா என்று கேட்டேன்.

"நமக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரியும்லா."

நான்கு நிமிடம் கழித்து, தன் பாதியிலிருந்து புறப்பட்டு இங்கிலாந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கடந்து மரடோனா போட்ட இரண்டாவது கோல் உலகத்துக்கே தெரியும். வழியில் அவரைச் சாய்க்கப் பார்த்தார்கள், ஊதியிருக்கலாம், ஊதாமல் பின்னாலேயே ஓடினேன் என்று பின் நாசர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விசில் பிடித்தவனுக்குத்தான் அந்தப் பேச்சின் அருமை தெரியும். ஊதுவது கையோடு வருகிற பழக்கம். ஊதாமல் அடக்குவதற்குத்தான் மூச்சு வேண்டும். ஒரு ஃப்ரீ கிக் கொடுத்திருந்தால் அந்த நூற்றாண்டின் சிறந்த கோலை நாம் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் அந்த மனிதர் பெயரைச் சொன்னால் உலகம் முதல் கோலைத்தான் சொல்லும். 2015-இல் மரடோனாவே துனீசியாவுக்குப் போய் அவரைப் பார்த்து, கையெழுத்திட்ட பனியன் ஒன்றைக் கொடுத்தார். ஏமாற்றியவன் வீடு தேடி வந்து ஏமாந்தவனுக்குப் பரிசு கொடுத்த கதை கால்பந்தில்தான் நடக்கும்.

2002 உலகக் கோப்பையில் கோடு பார்க்க நம் நாட்டிலிருந்து கோமளீஸ்வரன் சங்கர் போயிருந்தார். அந்தப் பெயரைப் பேப்பரில் படித்து ஆசான் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. அதே கோப்பையில் தென் கொரியாவும் இத்தாலியும் ஆடிய ஆட்டத்துக்கு ஈக்வடாரின் பைரன் மொரேனோ நடுவர். வேண்டுமென்றே விழுந்தார் என்று இத்தாலியின் டோட்டிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்பினார். இத்தாலியின் கோல் ஒன்று ஆஃப்சைடு என்று போனது. இத்தாலி தோற்றது. எட்டு வருஷம் கழித்து, 2010-இல், அதே மொரேனோ நியூயார்க் விமான நிலையத்தில் உடம்பில் ஹெராயின் கட்டிக்கொண்டு வந்து பிடிபட்டார். பார்த்தாயா, அன்றைக்கே தெரியும் என்று இத்தாலி முழுக்கச் சொன்னார்கள். எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. 2010-இல் கடத்தினவன் 2002-இல் விசிலை விற்றான் என்பதற்கு எது சாட்சி? பின்னால் செய்த பாவத்தை வைத்து முன்னால் செய்த வேலைக்குத் தீர்ப்பு எழுதினால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

ஆனால் விற்றவர்களும் உண்டு. சந்தேகப்படுகிறவர்களைப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது.

ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்சர் என்று ஒரு இளம் நடுவர். 2004 ஆகஸ்டில், ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில், சின்ன அணியான பாடர்போர்ன் பெரிய அணியான ஹாம்பர்க்கோடு மோதியது. ஹாம்பர்க் 2-0 என்று முன்னால் நின்றது. ஹாய்சர் இரண்டு பெனால்டி கொடுத்தார், ஹாம்பர்க்கின் மபென்ஸாவை வெளியே அனுப்பினார், கடைசியில் பாடர்போர்ன் 4-2 என்று ஜெயித்தது. காரணம் பெர்லினில், சாப்பினா சகோதரர்கள் என்ற குரோஷியப் பந்தயக்காரர்கள் புழங்கிய கஃபே கிங் என்ற கடையில் இருந்தது. ஹாய்சர் மொத்தமாக வாங்கியது சுமார் 67,000 யூரோ, ஒரு பிளாஸ்மா டிவி. 2005 ஜனவரியில் ஒப்புக்கொண்டார், நவம்பரில் இரண்டு வருஷம் ஐந்து மாதச் சிறைத் தண்டனை.

பணத்தை விட அந்த டிவிதான் என் மனசில் நிற்கிறது. பணத்தை வாங்குகிறவன் இது தப்பு என்று தெரிந்துதான் வாங்குவான். டிவி அப்படி இல்லை. சிநேகிதன் கொடுத்தான் என்று வீட்டில் சொல்லிவிடலாம். கூடத்தில் மாட்டி, அதிலேயே கால்பந்தும் பார்க்கலாம்.

அவரைக் காட்டிக்கொடுத்தது போலீஸ் இல்லை, கூட விசில் ஊதிய நான்கு நடுவர்கள். அவர்களில் ஒருவர் ஃபெலிக்ஸ் ஸ்வேயர். அவருக்கும் பின்னால் ஆறு மாதத் தடை வந்தது. ஹாய்சரிடமிருந்து 300 யூரோ வாங்கினார், விஷயத்தை உடனே சொல்லவில்லை என்று ஜெர்மன் சம்மேளனம் முடிவு செய்திருந்தது. ஊருக்கு அது தெரிய வந்ததே 2014-இல்தான். தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லிவருகிறார். 2021 டிசம்பரில் அவர் ஊதிய ஆட்டத்தில் டார்ட்மண்ட், பயர்னிடம் 2-3 என்று தோற்ற ராத்திரி, டார்ட்மண்டின் பதினெட்டு வயது ஜூட் பெல்லிங்ஹாம் கேமராவுக்கு முன்னால் அந்தப் பழைய கதையை எடுத்துப் போட்டார். பையனுக்கு 40,000 யூரோ அபராதம். அதன்பிறகும் ஸ்வேயர் பெரிய பெரிய ஆட்டங்களை நடத்தினார், 2024 யூரோ அரையிறுதி உட்பட. குற்றத்தைச் சொன்ன நான்கு பேரில் ஒருவர் என்று அவரை யாரும் நினைப்பதில்லை. முந்நூறு யூரோவைத்தான் நினைக்கிறார்கள். அதை வாங்கினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஒரு மீன் குழம்பின் விலையை விடக் கூடுதல், அவ்வளவுதான்.

விசிலை விலைக்கு வாங்குவதை விட மலிவான வழி ஒன்று உண்டு. எந்த விசில் எந்த ஆட்டத்துக்கு என்று முடிவு செய்கிறவரைப் பிடிப்பது. இத்தாலியில் 2006-இல் வெடித்தது அதுதான். யுவென்டஸ் மேலாளர் லூசியானோ மோஜ்ஜியும் நடுவர்களை ஒதுக்குகிற பொறுப்பாளர்களும் ஃபோனில் பேசிக்கொண்டதைப் போலீஸ் ஒட்டுக்கேட்டது. பேச்சில் பெரும்பாலும் பணம் இல்லை. யாரைப் போடுவது, யாரைப் போடக்கூடாது என்பதுதான். நம் ஊரில் தாசில்தார் இடமாற்றத்துக்கு ஃபோன் போகிற மாதிரி. யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து, தன் சரித்திரத்தில் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஸ்பெயினில் நடுவர் குழுவின் துணைத் தலைவராக இருந்த நெக்ரெய்ராவின் கம்பெனிகளுக்கு 2001 முதல் 2018 வரை பார்சிலோனா 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்திருக்கிறது. நடுவர்களைப் பற்றிய அறிக்கைகளுக்குத்தான் கொடுத்தோம் என்பது கிளப்பின் வாதம். 2023-இல் வெளியே வந்த விஷயம், கோர்ட்டில் கிடக்கிறது. கோர்ட்டு சொல்லட்டும்.

இந்தத் தொழிலில் நம் பெயர் ஒன்றும் உண்டு என்று தெரிந்தபோது கூசிப்போனேன். சிங்கப்பூரின் வில்சன் ராஜ் பெருமாள். பதினொரு ஆட்டக்காரர்களை வளைப்பதை விட விசில் பிடித்த ஒருவன் போதும் என்று கண்டுகொண்டவர். 2010 உலகக் கோப்பைக்கு முந்தைய நட்பு ஆட்டங்களுக்கு, நடுவர்களை நாங்களே அனுப்புகிறோம், செலவும் எங்களுடையது என்று அவரோடு தொடர்புடைய ஒரு கம்பெனி தென்னாப்பிரிக்கச் சங்கத்திடம் போனது. இலவசமாக வருகிறதே என்று சங்கமும் வாங்கிக்கொண்டது. பொலொக்வானேயில் தென்னாப்பிரிக்கா குவாத்தமாலாவை 5-0 என்று அடித்த ஆட்டத்தில் கை பட்டதாக பெனால்டிகள் கொடுத்தவர் நைஜர் நாட்டின் இப்ராஹிம் ஷைபு. 2010, 2011-இல் நட்பு ஆட்டங்களை வளைக்க லஞ்சம் வாங்கியதற்காக 2019-இல் ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை போட்டது. பெருமாள் 2011-லேயே பின்லாந்தில் சிறைக்குப் போனார். 2013 ஏப்ரலில் நம் ஈஸ்ட் பெங்கால் சிங்கப்பூரில் டாம்பைன்ஸ் ரோவர்ஸோடு ஆடவிருந்த ஆட்டத்துக்கு வந்த மூன்று லெபனான் நடுவர்களையும் ஆட்டத்துக்கு முன்பே மாற்ற வேண்டி வந்தது. அவர்களுக்குக் கிடைத்த லஞ்சம் பணமில்லை, பெண்கள். மூவரும் ஜெயிலுக்குப் போனார்கள்.

அதே பொலொக்வானேயில் 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் செனகலும் ஆடிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். கானாவின் ஜோசப் லாம்ப்டி நடுவர். செனகலின் கூலிபாலிக்கு முட்டியில் பட்ட பந்துக்குக் கை என்று பெனால்டி கொடுத்தார். தென்னாப்பிரிக்கா 2-1. லாம்ப்டிக்கு ஆயுள் தடை, ஆட்டம் செல்லாது, மறு ஆட்டத்தில் செனகல் 2-0 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்குப் போனது. முட்டியைக் கையாகப் பார்ப்பது எனக்கும் நடந்திருக்கிறது. அவரை மாட்டிவிட்டதில் பெரும்பங்கு பந்தயச் சந்தைக்கு. அந்த ஆட்டத்தில் பணம் ஓடிய போக்கு இயல்பாக இல்லை. வீடியோவை நூறு தடவை ஓட்டினாலும் முட்டி தெரியும், நெஞ்சு தெரியாது.

பணமும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம், வெறும் சத்தம் போதும் என்று பொருளியல் அறிஞர்கள் சிலர் 2005-இல் காட்டினார்கள். ஸ்பெயின் லீக் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, கடைசியில் நடுவர் எத்தனை நிமிடம் கூட்டிக்கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டார்கள். சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நேரம் நீள்கிறது, ஒரு கோல் முந்தியிருந்தால் சுருங்குகிறது. அந்த நடுவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன் என்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வி.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேரன் நம்பினான். 2018-இல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது சுத்தமான கோல். கோட்டோரத்தில் ஆஃப்சைடு கொடி. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை என்று கண்டார்கள். ஆனால் மைதானத்தில் கோல்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு 'சோதனை முடிந்தது' என்று சொல்லிவிட்டார்கள். கோல் போச்சு, லிவர்பூல் 2-1 என்று தோற்றது. மனிதத் தவறு என்று நடுவர் அமைப்பே ஒப்புக்கொண்டது, அறைக்குள் நடந்த பேச்சையும் வெளியிட்டது. கேட்டால் பரிதாபமாக இருக்கும். தப்பு என்று தெரிந்த நொடியில் அந்தக் குரல்கள் உடைவது காதில் விழும். ஆனால் ஜனங்கள் அடுத்துக் கேட்டது வேறு. திரைக்கு முன்னால் இருந்த இருவரும் இரண்டு நாள் முன்பு அரபு அமீரகத்தில் ஒரு லீக் ஆட்டம் நடத்திவிட்டு வந்தவர்கள். தூங்கினார்களா? அங்கே எதற்குப் போனார்கள்? யார் செலவு?

இதைப் படித்தபோது ஆசான் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அவர் போய் பல வருஷமாகிறது.

இனி சொல்லப்போவதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் ஒன்று. ஒரு பையனைச் செய்யாத தப்புக்கு அடித்துவிட்டேன். மறுநாள் உண்மை தெரிந்தது. மாஸ்டர் பையனிடம் மன்னிப்புக் கேட்கிற காலமா அது? அடுத்த வாரம் விளையாட்டு விழா. நூறு மீட்டரில் அவன் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது என்று எழுதினேன். நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி, கணக்குத் தீர்ந்தது என்று. இரண்டாவதாக வந்த பையன் பரிசு மேடைக்கருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கணக்கில் அவன் எங்கேயும் இல்லை.

1991, ஒரு திருவிழா இறுதியாட்டம். உள்ளூர் அணியும் வெளியூர் அணியும். நாலே முக்காலுக்குத் தொடங்கினோம். மைதானத்தின் ஒரு கோல் கடல் பக்கம். முதல் பாதியில் வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் அடித்தார்கள். சாயங்கால வெயில் கடல்மேலிருந்து நேரே முகத்தில். ஒரு பந்து உள்ளூர்த் தடுப்பாளர் மேல் பட்டது. கை என்று ஊதினேன். பெனால்டி, கோல். ஊதி முடித்த மறுகணமே தெரிந்துவிட்டது, நெஞ்சில்தான் பட்டது. அந்தப் பையன் சண்டைக்கு வரவில்லை. நெஞ்சிலிருந்த ஈர மணலைத் தட்டாமல் என்னிடம் காட்டிக்கொண்டு நின்றான். நூற்றுக்கணக்கான வாய்கள் என் அம்மாவைப் பேசின.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது. இப்போது உள்ளூர்க்காரர்கள் கடல் பக்கக் கோலுக்கு அடிக்கிறார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய ஆள் ஒருவன் பெட்டிக்குள் தன் காலே தடுக்கி விழுந்தான். அருகில் நின்ற வெளியூர்ப் பையனுக்கும் அவனுக்கும் ஒரு முழ இடைவெளி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். விசில் வாய்க்குப் போய்விட்டது. பெனால்டி, கோல், 1-1. டை-பிரேக்கரில் உள்ளூர் ஜெயித்தது.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. முதல் பாதியில் அம்மாவைப் பேசினவர்களே வந்து கைகொடுத்தார்கள். தப்பை உணர்ந்து சரி செய்கிற மனசு யாருக்கு வரும் என்றார் கமிட்டித் தலைவர். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வெளியூர்க்காரர்கள்கூடப் பெரிதாகச் சண்டை போடவில்லை. அவர்களுக்கும் முதல் கோலின் லட்சணம் தெரியும். விழுந்தவன் அருகில் நின்ற அந்த வெளியூர்ப் பையனை மட்டும், அன்று ராத்திரி அவன் ஊர்க் கடற்கரையில் வைத்து, கோப்பையைத் தொலைத்துவிட்டான் என்று அவனுடைய அண்ணனே அடித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஆசான் அப்போது ஊதுவதை விட்டுவிட்டார். ஆட்டம் பார்க்க வந்திருந்தார். பார்க்க வந்தவருக்கு என்ன தடை, ஆனாலும் மஞ்சள் பையோடுதான் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்திருந்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு நானே ஆரம்பித்தேன். முதல் பெனால்டிக்குக் கண்ணில் வெயில் ஆசானே, ஒன்றும் தெரியவில்லை.

தலையை ஆட்டினார். ஆமாம், கண்டேன் என்றார். பொதியின் நூலை அவிழ்த்தபடியே கேட்டார்.

"ரெண்டாவதுக்கும் வெயிலா மக்கா?"

இரண்டாவது விசில் ஊதும்போது சூரியன் கடலுக்குள் போய்க் கால்மணி நேரமாகியிருந்தது.

சரிக்கட்டத்தான் ஊதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியூர்க்காரர்களுக்குத் தப்பாக ஒன்று கொடுத்தேன், உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று கொடுத்தேன், அவ்வளவுதான் என்று. அதுதான் காரணம் என்று அன்று மேடையில் நின்றபோது நானே நம்பினேன். ஆனால் அன்று மத்தியானம், வழக்கமாக பஸ் ஸ்டாண்டுக் கடையில் பரோட்டா தின்றுவிட்டுப் போகிறவன், கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் வழி மறித்துக் கூப்பிட்டபோது மறுக்க முடியாமல் உள்ளே போயிருந்தேன். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்துவிட்ட நெய்மீன் கறி. அந்த வீட்டு அம்மா நடுத்துண்டம் இரண்டை எடுத்து என் இலையில் வைத்தார். அந்த விசில் சரிக்கட்டவா, நடுத்துண்டத்துக்கா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் தெரியவில்லை.

ஆசான் இலையை விரித்து, சோற்றை இரண்டாகப் பகுத்து, பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

"தின்னு மக்கா. காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட."

பசியில்லை என்றேன்.